கேஸ் மருதப்பனும் கோப்பிக் காசும்

“அமெரிக்கா போனா அள்ளி அள்ளிக் குடுக்கறானுங்க. டாக்ஸிக்காரனுக்குக் குடுக்கறானுங்க, தட்டு தூக்கறவனுக்குக் குடுக்கறானுங்க, கதவைத் தொறந்து விடறவனுக்குக்கூடக் குடுக்கறானுங்க. இங்க வந்து எறங்கினதும், மூணு மாடி கேஸ் தூக்கிட்டு வந்தவனுக்கு என்ன? ‘தேங்க் யூ அங்கிள்.’ ஏன், கையை அங்க ஏர்போர்ட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டானுங்களா?”

மருதப்பன் இதைச் சொல்லாத நாள் கிடையாது. லாரியில ஏறறப்ப சொல்லுவாரு, சிக்னல்ல நிக்கறப்ப சொல்லுவாரு, வீட்டுல சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டும் சொல்லுவாரு. ‘கழட்டி வெச்சுட்டு’ங்கற எடத்துல தன்னோட மணிக்கட்டைத் திருகிக் காட்டுவாரு, பல்பு கழட்டற மாதிரி. அந்த எடம் வந்ததும் சம்சாரம் பாக்கியலட்சுமியும் கூடவே மணிக்கட்டைத் திருகிக்கிட்டு, மறு கையால ரசம் ஊத்துவாங்க.

“நீங்க மட்டும் என்னவாம்?” பாக்கியலட்சுமி ஒருநாள் கேட்டாங்க. “தேக்கா சாப்பாட்டுக் கடையில மேசை துடைக்கிற அந்தக் கெழவிக்கு என்னைக்காச்சும் ஒரு வெள்ளிக் காசு குடுத்திருக்கீங்களா?”

“அது வேற.”

“என்ன வேற?”

“அது உக்காந்து சாப்பிடற எடம். நான் தூக்கிட்டுப் போறவன்.”

“அவங்க மட்டும் படுத்துக்கிட்டா துடைக்கிறாங்க?”

“சோத்தைப் போடு லா.”

மருதப்பன் கேஸ் சிலிண்டர் கொண்டு போய்ப் போடறவரு. ஆரம்பத்துல தேக்காவுக்குப் பின்னாடி இருந்த சின்னக் கடையில சேர்ந்தாரு. பழைய முதலாளி கண்ணை மூடினதும் பிள்ளைங்க அதை ஒரு பெரிய கம்பெனிக்கு வித்துட்டாங்க. லாரி மாறுச்சு, சட்டை மாறுச்சு, டிப்போ கிராஞ்சிக்குப் போயிடுச்சு. மருதப்பன் மட்டும் மாறல, அவரோட முதுகைத் தவிர. அது கொஞ்சம் எடது பக்கமாச் சாஞ்சிடுச்சு. சிலிண்டர் தூக்கற தோள் அது.

வாடிக்கைக்காரங்களை அவரு பேர் சொல்ல மாட்டாரு, குரல் போட்டுக் காட்டுவாரு. பொங்கோல்ல ஒரு வீடு. புதுசா கல்யாணம் ஆன ஜோடி. அந்தப் பொண்ணு வாசல்லயே நின்னு மூக்கால பேசும்: “அங்கிள், ஷூவெல்லாம் கழட்ட வேணாம், பட் ஃப்ளோர்ல கால் வைக்காதீங்க, இப்பதான் மாப் பண்ணேன்.” அப்ப பறந்துதான் போகணும். புருஷன்காரன் சோபாவுல படுத்த வாக்குல, “அங்கிள், உங்களுக்கு ஆப்ல டிப்ஸ் பட்டன் இருக்கா?” “இல்லீங்க தம்பி.” “ஓ. சோ சேட்.” சொல்லிட்டு மறுபடி போனைப் பாப்பான். டன்லப் ஸ்ட்ரீட்ல ஒரு ஷாப்ஹவுஸ், கீழ கடை மேல வீடு, மாடிப்படி ஏணி மாதிரி நிக்கும். அங்க இருக்கறவரு ஜப்பான் போயிட்டு வந்தவரு. “மருது, ஜப்பான்ல டிப்ஸ் குடுத்தா அவமானப்படுத்தற மாதிரி, தெரியுமா?” மருதப்பன் மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லுவாரு, “எனக்கு ரோஷம் கம்மி சார், தைரியமா அவமானப்படுத்துங்க.” அவரு சிரிச்சுட்டுக் கதவைச் சாத்துவாரு.

கேக்கக் கூடாது. அது மருதப்பனோட சட்டம். கேட்டா பிச்சை, கேக்காம வந்தா மரியாதை. ஆனா வர்றதுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கணும்ல? பழைய சிலிண்டரைக் கழட்டிப் புதுசை மாட்டுவாரு. சோப்புத் தண்ணி தொட்டு வால்வுல தடவிக் குமிழி வருதான்னு பாப்பாரு. அடுப்பைப் பத்த வெச்சு, “நல்ல நீலம் மேடம், பாத்துக்குங்க”ன்னு காட்டுவாரு. இது வரைக்கும் வேலை. அதுக்கப்புறம் இடுப்புத் துணியை உருவி சிலிண்டரை மெதுவா, கொழந்தைக்குத் தலை துவட்டற மாதிரி துடைப்பாரு பாருங்க, அதுதான் வாய்ப்பு. துடைக்கிறப்ப அந்த வீட்டு ஆளுங்க முகத்தைப் பாக்க மாட்டாரு. காசு வந்தா எவ்வளவுன்னும் பாக்க மாட்டாரு. சட்டைப் பையில போட்டுட்டு, லிஃப்ட் கதவு மூடினப்புறம்தான் பாப்பாரு.

பெரிய கம்பெனி வந்ததும் அதுக்கும் வேட்டு வெச்சுது. ஒவ்வொரு சிலிண்டர் மேலயும் ஒரு ஸ்டிக்கர். இங்கிலீஷ்ல ‘நோ டிப்பிங்’. நாலு அரசாங்க மொழியிலயும் போடணும்ல? தமிழுக்கு எவனோ கம்ப்யூட்டர்கிட்ட கேட்டிருக்கான். டிப்பிங்னா சாய்க்கிறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. கம்ப்யூட்டர் சிலிண்டரைப் பாத்துதோ என்னவோ, ‘தயவுசெய்து சாய்க்க வேண்டாம்’னு குடுத்துடுச்சு. தேக்காப் பக்கத்துல தமிழ் படிக்கிற ஆச்சிங்க எல்லாம் அதைப் பாத்துட்டு, “பத்திரம் தம்பி, சாய்க்கக் கூடாதாம்”னு மருதப்பனுக்கே புத்தி சொன்னாங்க. காசும் குடுத்தாங்க.

செம்பவாங்குல கமலாம்பிகை அம்மா வீடு இருந்துச்சு. எழுபத்தெட்டு வயசு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவங்க, புருஷன் இல்ல, தனியா இருந்தாங்க. மருதப்பனோட லிஸ்ட்டுல குரல் போட்டுக் கிண்டல் பண்ணாத ஒரே ஆளு அவங்கதான். குரல் போடுவாரு, ஆனா கிண்டல் இருக்காது.

“வாங்கோ தம்பி, களைச்சுப் போனியள். இருங்கோ, கோப்பி போட்டுத் தாறன்.”

“வேணாம்மா, லாரி கீழ நிக்குது.”

“லாரி கோப்பி குடியாது. நீங்கள் இருங்கோ.”

இருப்பாரு. சமையக்கட்டு ஸ்டூல்ல உக்காந்து, சக்கரை தூக்கலா ஒரு கோப்பி. அந்த வீட்டுல அவரு துணியை உருவித் துடைச்சதே கிடையாது. தேவைப்படல.

அப்புறம் ஒருநாள் போனாரு. கதவு தொறந்ததுமே கருகின வாசனை. அடுப்புல பால் சட்டி அடிப்பிடிச்சுக் கரியாயிருச்சு. அந்தம்மா ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காங்க. அதுக்கடுத்த தடவை அடுப்பு எரியல, ஆனா கேஸ் தொறந்திருந்துச்சு. மருதப்பன் ஓடிப்போய் மூடி, ஜன்னலை எல்லாம் தொறந்து விட்டுட்டு வந்து நின்னாரு.  அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

“தம்பி, மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் என்னைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டிடுவான்.”

“சொல்லலம்மா. ஆனா நான் வர்றப்ப நீங்க கோப்பி போட வேணாம். எனக்காக அடுப்பைத் தொடாதீங்க.”

“வீட்டுக்கு வந்த ஆளுக்குக் கோப்பி குடாமல் எப்பிடி அனுப்புறது?”

அதுக்குப் பதிலாத்தான் காசு வந்துச்சு. “இந்தாங்கோ, கீழை கடையிலை வாங்கிக் குடியுங்கோ. கோப்பிக் காசு.” மருதப்பன் வாங்கிக்கிட்டாரு. வாங்கலைன்னா அடுப்பைப் பத்த வெச்சுடுவாங்க. போறப்ப ஒவ்வொரு தடவையும் அடுப்புக் குமிழ் எல்லாம் மூடியிருக்கான்னு பாத்து, சிலிண்டரையும் மூடிட்டு, “சமைக்கணும்னா மட்டும் தொறங்கம்மா”ன்னு சொல்லிட்டு வருவாரு. அவ்ளோதான் அவரு செஞ்சது. அது போதும்னு தன்னையே நம்ப வெச்சுக்கிட்டாரு.

அவங்க மகன் சுஜீந்திரன் பேங்க்ல இருக்காரு. லஞ்சம், கள்ளக் கணக்கு, இதெல்லாம் நடக்குதான்னு பாக்கற டிபார்ட்மென்ட். அம்மாவைப் பாத்துக்க ஆள் போடல, கேமரா போட்டாரு. அதுவும் ஹால்ல மட்டும், வாசலைப் பாத்த மாதிரி. சமையக்கட்டுல போட அம்மா விடல. ஆபீஸ்ல உக்காந்து பாத்தவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: கேஸ்காரன் வெளிய போறப்ப எல்லாம் அம்மா காசு குடுக்கறாங்க, அவன் பாக்காமப் பையில போடறான். அந்தப் பாக்காமப் போடறதுதான் சுஜீந்திரனுக்கு உறுத்துச்சு. அவரு விசாரிக்கிற லஞ்ச வழக்குல எல்லாம் அப்படித்தான் வாங்குவாங்களாம்.

அம்மாவுக்குப் போன் போட்டாரு. “அது என்ன காசு அம்மா?”

“கோப்பிக் காசு.”

வெச்சுட்டாரு. வெச்சுட்டுக் கம்பெனிக்கு இங்கிலீஷ்ல எழுதிட்டாரு. தமிழ்ல கோப்பிக் காசுன்னா கோப்பி குடிக்கக் குடுக்கற காசு. அதையே இங்கிலீஷ்ல ‘காஃபி மணி’ன்னு எழுதி ஒரு ஆபீஸுக்கு அனுப்பினா, இந்த ஊர்ல அது லஞ்சம்.

மருதப்பனுக்கு அது சரியான நேரம் பாத்து வந்துச்சு. ரிட்டயர் ஆகற வயசு. அதுக்கு மேல வேலை செய்யணும்னா கம்பெனி புதுசா கான்ட்ராக்ட் போட்டுக் குடுக்கணும். கம்ப்ளெய்ன்ட் எதுவும் இல்லாதவங்களுக்குத்தான் போடுவாங்க. லேட்டாக் கல்யாணம் பண்ணவரு. மக வர்ஷா இன்னும் யூனிவர்சிட்டியில இருக்கு. கான்ட்ராக்ட் இல்லைன்னா அவரு போய் மேசை துடைக்கணும், அந்தக் கெழவிக்குப் பக்கத்துல.

கிராஞ்சி டிப்போவுல ஸைஃப்னு ஒரு தம்பி, ஆளுங்க விஷயம் பாக்கறவன். சிரிச்ச முகம். கெட்ட சேதியைக்கூட ஏர் ஹோஸ்டஸ் மாதிரி சொல்லுவான்.

“அங்கிள், சிட், சிட். இது ஜஸ்ட் ஒரு சாட்தான், ஓகே? டென்ஷனாகாதீங்க.”

“நீ டென்ஷனாகாதேன்னு சொன்னப்புறம்தான் ஆகுது தம்பி.”

ஸைஃப் மெயிலைப் படிச்சுக் காட்டினான். காஃபி மணிங்கற எடத்துல குரலைத் தாழ்த்திக்கிட்டான், கெட்ட வார்த்தை மாதிரி.

“வாங்கினீங்களா அங்கிள்?”

“வாங்கினேன். குடுத்தாங்க, வாங்கினேன். கோப்பிக் காசு தம்பி. முன்னாடி கோப்பியே போட்டுக் குடுப்பாங்க. உங்க வீட்டுல சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லுவாங்க. எங்கம்மாவே சொல்லுவாங்க. பட் மெயில் இங்கிலீஷ்ல வந்திருக்கே அங்கிள். இங்கிலீஷ்ல நான் என்ன பண்றது?” ஸைஃப் நெஜமாவே வருத்தப்பட்டான். “அப்புறம் சிலிண்டர்லயே ஸ்டிக்கர் இருக்கு. பாலிஸி. தெரியாதுன்னு சொல்ல முடியாது.”

“ஸ்டிக்கர்ல தமிழ்ல என்ன போட்டிருக்குன்னு நீ படிச்சியா?”

“என்ன?”

“சாய்க்காதேன்னு போட்டிருக்கு. நான் வேலைக்கு வந்த நாள்லேந்து ஒரு சிலிண்டரைச் சாய்ச்சதில்ல.”

ஸைஃப் எழுந்து போய் வெளிய இருந்த சிலிண்டரைப் பாத்துட்டு வந்தான். ஒரு நிமிஷம் சிரிப்பை அடக்கினான். அப்புறம் அதை அப்படியே ஓரமா வெச்சுட்டு மறுபடியும் ஆபீஸ் முகத்தை மாட்டிக்கிட்டான்.

“எதுக்காகக் குடுத்தாங்கன்னு ஒரு ரீசன் சொல்லுங்க அங்கிள். முன்னாடியெல்லாம் கோப்பிதான் குடுப்பாங்கன்னு சொல்றீங்க. திடீர்னு ஏன் காசு?”

 

“அது அவங்க வீட்டு விஷயம்.”

“அவங்க வீட்டு விஷயம்தான் இப்ப என் டேபிள்ல இருக்கு. காரணம் இல்லைன்னா வயசானவங்களை ஏமாத்திக் காசு வாங்கினதாத்தான் போகும். அப்புறம் கான்ட்ராக்ட் என் கையில இல்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னாரு. அன்னைக்கு அமெரிக்காப் பேச்சு வரல. பாக்கியலட்சுமி கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டாங்க.

“சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“நாளைக்கு அந்தம்மா வீடு பத்திக்கிட்டா?”

“அதான் மூடிட்டு வரேன்ல.”

“நீங்க மாசத்துக்கு ஒருநாள் மூடறீங்க. மிச்ச நாளு யாரு மூடறா?”

மருதப்பனுக்குக் கோபம் வந்துச்சு, ஏன்னா அது அவருக்கும் தெரியும். “இத்தனை நாளு வாயை மூடிட்டு இருந்துட்டு, எனக்கு வேலை போகுதுன்னதும் தொறந்தா, அது அந்தம்மா நல்லாயிருக்கணும்னு சொன்னதா? எனக்குச் சோறு வேணும்னு சொன்னது.”

“யாருக்காகச் சொன்னா என்ன? அடுப்பு அடுப்புதான். யூனிவர்சிட்டியில உங்க வாக்கை எடுத்துக்கிட்டு ஃபீஸ் வரவு வெப்பாங்களா, கேட்டுட்டு வாங்க.”

சொல்லிட்டாரு. ஸைஃப் எதிர்ல உக்காந்து, கருகின பால் சட்டியிலேந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னாரு. ஸைஃப் வேகவேகமாத் தட்டினான். தட்டத் தட்ட முகம் மலர்ந்துச்சு. “அங்கிள், இதை மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா? இது கம்ப்ளெய்ன்ட்டே இல்ல லா. இது சேஃப்டி ரிப்போர்ட்.”

மருதப்பன் எதைத் தட்டறான்னு எட்டிப் பாக்கல. அவரு சொன்னதுல கோப்பி இருந்துச்சு, ஸ்டூல் இருந்துச்சு, அந்தம்மா தலையைக் குனிஞ்சது இருந்துச்சு. மேல போனப்ப அதெல்லாம் இல்ல. ஆபத்தை உரிய நேரத்துல கண்டு சொன்ன ஊழியர்னு போச்சு. அந்தம்மா மகனுக்கும் அதைத்தான் பதிலா அனுப்பினாங்க. ரொம்ப நாளா மறைச்சதைக்கூட, தொடர்ந்து கண்காணிச்சாருன்னு ஸைஃப் மாத்தி எழுதிட்டான். நல்ல புள்ள.

கான்ட்ராக்ட் வந்துச்சு. அதோட ஒரு சர்ட்டிஃபிகேட்டும் வந்துச்சு, ‘சேஃப்டி சாம்பியன்’னு. டிப்போ வாசல்ல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. “அங்கிள், ஸ்மைல்”னு ஸைஃப் சொன்னான். மருதப்பன் பல்லைக் காட்டினாரு. பாக்கியலட்சுமி அந்த போட்டோவைப் பாத்துட்டு, “பல்லு வலிக்கிற ஆளு மாதிரி இருக்கீங்க”ன்னாங்க. ஃப்ரேம் போடல.

அடுத்த வாரம் வேலை லிஸ்ட்டுல செம்பவாங் விலாசம் இருந்துச்சு. கேஸ் கனெக்ஷன் நிறுத்தம். சிலிண்டரையும் அடுப்பையும் எடுத்துட்டு வரணும். வேற யாராவது போங்கன்னு மருதப்பன் கேட்டுப் பாத்தாரு. “உங்களைத்தான் கஸ்டமர் ஸ்பெஷலாக் கேட்டிருக்காரு, தேங்க் பண்ணணுமாம்”னான் ஸைஃப்.

காலையில போனாரு. சுஜீந்திரன் லீவு போட்டுட்டு வந்திருந்தாரு. கைகுலுக்கினாரு. சமையக்கட்டு மேடையில புதுசா ஒரு மின்சார அடுப்பு, கண்ணாடி மாதிரி, பிளாஸ்டிக் உரிக்காம. அதைப் போடற பட்டனுக்கு மேல ஒரு பூட்டு. வேலைக்கு ஒரு பொண்ணு வரப்போகுதாம், அது வந்தா திறப்பாங்களாம்.

கமலாம்பிகை அம்மா அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. மருதப்பனைப் பாத்ததும் முகம் தெளிஞ்சுது.

“வந்திட்டியளோ தம்பி. இண்டைக்குக் கோப்பி போட ஏலாது. அடுப்பைக் கழட்டப் போறாங்களாம்.”

“ஆமாம்மா.”

“ஆரோ ஒரு கேஸ்காரன் மகனுக்குச் சொல்லிக் குடுத்திட்டானாம். நான் அடுப்பை மறந்துபோறனாம்.” குரலைத் தாழ்த்தினாங்க. “உங்கடை கம்பெனி ஆளாத்தான் இருப்பான். கண்டால் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ தம்பி, நான் அவனுக்கு என்ன செய்தனான் எண்டு.”

மருதப்பன் சரின்னாரு. வேற என்ன சொல்றது? கீழ உக்காந்து ரெகுலேட்டரைக் கழட்டினாரு. வழக்கமாத் தொட்டாத் திரும்பற நட்டு, அன்னைக்குன்னு பாத்து இறுகிக்கிச்சு. அந்தம்மா பின்னாலேந்து, “மெல்லத் தம்பி, கை வெட்டிப்போடும்”னாங்க. குழாயைச் சுருட்டினாரு. சிலிண்டரைத் தோள்ல ஏத்தினாரு, அடுப்பை அக்குள்ல இடுக்கினாரு. துடைக்கல, நிக்கல, நேரா வாசலுக்கு நடந்தாரு.

சுஜீந்திரன் பின்னாடியே வந்தாரு. கையில ஒரு ஊதா கவர், தீபாவளிக்கு அங்பாவ்னு காசு வெச்சுக் குடுக்கற கவர். தடிமனா இருந்துச்சு.

“அங்கிள், ஒரு நிமிஷம். நான் அந்த மெயில் அனுப்பினதுக்கு சாரி, ஓகே? நோ ஹார்ட் ஃபீலிங்ஸ். யூ சேவ்ட் மை மதர்ஸ் லைஃப். இது சும்மா, ஒரு டோக்கன் ஆஃப் அப்ரிசியேஷன். கம்பெனிகிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

மருதப்பன் திரும்பினாரு. தோள்ல சிலிண்டர் இருந்ததால உடம்போட சேர்த்துத்தான் திரும்ப முடிஞ்சுது. கவரைப் பாத்தாரு. அவரு வேலைக்கு வந்த நாள்லேந்து எந்த வீட்டு வாசல்லயும் அவ்வளவு தடிமனா எதுவும் நீண்டதில்ல.

“உள்ள வைங்க தம்பி. உங்கம்மா குடுத்தப்ப இது என்ன காசுன்னு எழுதிக் கேட்டீங்கள்ல, இப்ப நீங்க குடுக்கறதை என்ன காசுன்னு எழுதுவீங்க? கோப்பி குடுத்த வீட்டு அடுப்பைக் கழட்டித் தூக்கிட்டுப் போறேன். அதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாச்சு, கான்ட்ராக்ட் குடுத்தாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. இதுக்கு மேல வாங்கினா அதுதான் நிஜமாவே லஞ்சம். உங்களுக்கு ஏதாச்சும் குடுத்தே ஆகணும்னு கை அரிச்சுதுன்னா, போய் அந்த லிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. தோள் வலிக்குது.”